தபால் கந்தோர்ச் சுவரில் நின்ற அம்மா

கொரோனா அடங்கி, பஸ்ஸில் முகக்கவசம் போடத் தேவையில்லை என்று அறிவித்த வருடம் அது. இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் அப்போது நாங்கள் குடியிருந்தோம், இப்போதும் அங்கேதான். வுச்சீரியாச் சந்தைக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில் தனியாக வாழ்ந்த ஒரு முதிய பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது. வேலை செய்கிற வீட்டு அம்மாவை இங்கே சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரே மகள், வடக்கே தூரத்து ஊர் ஒன்றில் உத்தியோகம்.

சமைக்கிறது, குளிக்க வார்க்கிறது, நேரத்துக்கு மருந்துக் குளிசை கொடுக்கிறது, இதெல்லாம் எனக்குப் பெரிய வேலையில்லை. மாதம் ஒருமுறை மலைக்குப் போகிற பயணம்தான் என் உயிரை வாங்கியது. சிஞ்ஞோராவின் பென்சன் அவர் பிறந்த மலைக் கிராமத்துத் தபால் கந்தோருக்குத்தான் வரும். வங்கிக்கு மாற்றிவிடலாம், வீட்டுக்குக் கீழே இறங்கினால் எடுக்கலாம். மகள் தொலைபேசியில் எத்தனையோ தரம் கெஞ்சிப் பார்த்தார். சிஞ்ஞோரா அசையவில்லை. ரயில் நிலையத்தடியில் பஸ் ஏறி, வளைந்து வளைந்து மேலே போய், அந்தக் கந்தோரில் கையில் வாங்கினால்தான் அது பென்சனாம். எனக்கோ வளைவுப் பாதை என்றால் வயிற்றைப் புரட்டும். தேசிக்காயை மணந்து மணந்துதான் போய் வருவேன்.

என் கணவருக்கு இது பெரிய பகிடி. "அந்த மனுசிக்கு வங்கிக்காரரிலை நம்பிக்கை இல்லை. உமக்கு ஏன் இந்த விசர் வேலை? முடியாது எண்டு சொல்லும்" என்பார். சொல்வது சுகம். அவருக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று தெரியாது, எனக்கு அல்லவா தெரியும்.

பயணம் போதாது என்று கந்தோருக்குள் இன்னொரு கூத்து. அங்கே போனதும் இயந்திரத்தில் நம்பர்த் துண்டு எடுத்துவிட்டுக் கதிரையில் இருக்க வேண்டும், நம்பர் வந்ததும் கவுண்டருக்குப் போக வேண்டும். சிஞ்ஞோரா தன் நம்பர் கிட்ட வரும்போது பின்னால் வந்த யாரையாவது கூப்பிட்டு, "எனக்கு அவசரமில்லை, நீங்கள் போங்கோ" என்று தன் துண்டைக் கொடுத்துவிட்டு அவர்களுடையதை வாங்கிக்கொள்வார். அது கிட்ட வந்தால் இன்னொருவருக்குக் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்பிப் போகிற பஸ்ஸை விட்டால் பிறகு மத்தியானம் தாண்டித்தான் அடுத்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "சிஞ்ஞோரா, நான் உங்களோடை இஞ்சை குடியிருக்கவே வந்தனான்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. ஊன்றுதடியைத் தூக்கி எதிர்ச்சுவரைக் காட்டினார். அங்கே சுவர் முழுக்க ஒரு சித்திரம் இருந்தது. இத்தனை மாதம் வந்து போகிறேன், கவுண்டர்களுக்கு மேலே ஏதோ நிறமாக இருக்கிறது என்பதைத் தவிர நான் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. கோதுமை வயலில் அறுவடை நடக்கிறது. ஆண்கள் அரிவாளோடு குனிந்து நிற்கிறார்கள், ஒரு மாட்டுவண்டி நிற்கிறது. நடுவில், மஞ்சள் முக்காடு கட்டிய ஒரு பெண் கோதுமைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையை வெயிலுக்கு நெற்றியில் வைத்துத் தூரத்தில் எதையோ பார்க்கிறாள்.

"அது என்ரை அம்மா" என்றார் சிஞ்ஞோரா.

பிறகு, அன்றும் அடுத்தடுத்த பயணங்களிலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. அவர் பிறப்பதற்கு முந்திய காலம், வேலையில்லாத, சாப்பிடப் பாண் இல்லாத வருடங்களாம். ஆண்கள் விடிய எழும்பி ஊர்ச் சதுக்கத்தில் யாராவது கூலிக்குக் கூப்பிடமாட்டார்களா என்று நிற்பார்களாம். அந்த நேரத்தில்தான் அன்றைய பாசிச அரசாங்கம் அந்தச் சின்ன ஊருக்கும் ஒரு தபால் கந்தோர் கட்டி, சுவரில் படம் வரையவென்று பட்டணத்திலிருந்து ஒரு ஓவியரை அனுப்பியது. சதுக்கத்தில் நின்ற சனத்தையே அவர் கூப்பிட்டு நிற்க வைத்து வரைந்தார். நின்றவர்களுக்குக் கோதுமை மா கொடுத்தார்கள். சிஞ்ஞோராவின் அம்மாவும் மாவுக்காகப் போய் நின்றவர்தான். அப்போது சிஞ்ஞோரா வயிற்றில். அந்த வயிறு தெரியாமல் மறைக்கத்தான் ஓவியர் கையில் கோதுமைக்கட்டைக் கொடுத்தாராம்.

"அந்தக் கட்டுக்குப் பின்னாலை நானும் நிக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார். பசியில் கிடந்த ஊருக்கு நிறைந்த வயலைப் படம் போட்டுக் காட்டிய ஆட்சியை நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஏனென்றால் அவர் நடக்கத் தொடங்குமுன்னே அம்மா காய்ச்சலில் செத்துப்போனார். படம் எடுக்கிற வசதி அந்தக் குடும்பத்துக்கு எங்கே இருந்தது? அம்மாவின் முகம் என்று உலகத்தில் இருந்தது அந்தச் சுவரில் மட்டும்தான். பென்சன் வங்கிக்குப் போனால் அந்த ஊருக்குப் போக ஒரு சாட்டு இல்லாமல் போய்விடும். மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். படித்த பிள்ளை, அந்த ஆட்சி கீறின படம் என்றாலே முகத்தைச் சுழிப்பாள், என் அம்மாவைப் பார்த்து அவள் முகம் சுழிப்பதை நான் காணக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த வளைவுப் பாதையைக் குறை சொல்லவில்லை. நம்பர்த் துண்டை மாற்றிக் கொடுக்கிற வேலையையும் நானே செய்தேன்.

எனக்கு ஏன் அது அவ்வளவு உறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மாவின் முகத்துக்கும் ஒரு படம் இல்லை. நான் மன்னார்ப் பக்கம். கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகையில், படங்கள் வைத்த பெட்டியைப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினோம். அம்மா கடற்கரை மணலில் ஷெல் பட்டு என் மடியில் போனா. அவவின் அடையாள அட்டை சட்டைக்குள் இருந்தது, அதோடேயே தாட்டோம். ஒரு சிலுவை நடக்கூட நேரமில்லை. பிறகு முகாம், கலியாணம், இத்தாலி. படம் இல்லை என்று நான் யாரிடமும் அழுததில்லை. எனக்குள்ளே அம்மா தெளிவாக இருந்தா. சும்மா நினைத்தாலே வருவா.

அடுத்த மாரிகாலத்தில் சிஞ்ஞோராவின் கண் போகத் தொடங்கியது. முழுக்க இருட்டாகிற வருத்தம் இல்லை இது. எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துபோகும், சுற்றிவர உள்ளது தெரியும். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பலன் இல்லை. அந்த மாதம் கந்தோரில் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தவர், என் கையை இறுக்கிப் பிடித்தார். அரிவாள் தெரிகிறது, வண்டி தெரிகிறது, அம்மாவின் கால்கூடத் தெரிகிறது, முகம் இருக்கிற இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் என்றார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துச் சரித்துப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, நீ பாத்துச் சொல்லு" என்றார்.

சொன்னேன். கண்ணுக்கு முன்னால் சுவர் இருந்தது, சொல்வது கஷ்டமில்லை. அகன்ற கன்னம், தடித்த புருவம், கொஞ்சம் திறந்த வாய், வெயிலுக்குச் சுருங்கின கண். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடிந்ததும் தலையை ஆட்டினார்.

ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். கைப்பைக்குள் போன் இருந்தது. கந்தோர்க் கதவில் படம் எடுக்கத் தடை என்று போட்டும் இருந்தது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்க நாங்கள் விண்ணப்பம் கொடுப்பதே தபால் கந்தோர் ஒன்றில்தான். சோதனைச் சாவடிகளில் வளர்ந்த எங்கட சனம் அரசாங்கக் கட்டிடத்துக்குள் போனைத் தூக்குமா? எனக்கு அந்த யோசனையே வரவில்லை. சுவர்தானே, எங்கே ஓடப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த மாரி மழை பொல்லாத மழை. திருத்த வேலை என்று சொல்லிக் கந்தோரை மூடினார்கள். திறந்ததும் போனோம். உள்ளே காலை வைத்த நான் அப்படியே நின்றுவிட்டேன். சித்திரம் இருந்த சுவரில் வெள்ளைப் பலகை அடித்து, நம்பர் காட்டுகிற புதுத் திரை ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். பாவம், அவளும் கவலையோடுதான் சொன்னாள். கூரையால் தண்ணீர் இறங்கி, சாந்து முழுக்க ஊறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே பாளம் பாளமாக விழுந்துவிட்டதாம். திங்கள் வந்து பார்த்தபோது நிலத்தில் நிறம் நிறமாய்ச் சாந்துக் குவியல் கிடந்ததாம். அள்ளிக் கொண்டுபோய் விட்டார்களாம். யாரைப் பிடித்து என்ன கேட்பது?

சிஞ்ஞோரா கதிரையில் இருந்து தலையைச் சரித்துக்கொண்டிருந்தார். "வண்டி எங்கை?" என்று கேட்டார். அவருக்கு ஓரம் தெரியுமே, பொய் சொல்ல வழியில்லை. குனிந்து காதுக்குள் சொன்னேன். அவர் அழவில்லை. நம்பர் வந்ததும் எழுந்து போய் பென்சனை வாங்கினார், யாருக்கும் துண்டு மாற்றிக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, துறைமுகத்தில் நின்ற பெரிய கப்பல் தெரிகிற இடத்தில், "இப்ப அவ ரெண்டாந்தரமும் செத்துப் போனா" என்றார்.

அந்த மலைக் கிராமத்து மாதா கோயில் சுவாமியாரிடம் விசாரித்தேன். அவரிடம் இருந்த பழைய நாட்காட்டி ஒன்றில் அந்தச் சித்திரம் இருந்தது. மாட்டுவண்டியும் ஆண்களும் உள்ள பாதி மட்டும். அதைக் கொண்டுவந்து சிஞ்ஞோராவிடம் காட்டவே எனக்கு மனம் வரவில்லை.

சிஞ்ஞோரா சாப்பாட்டைக் குறைத்தார். பென்சனை வங்கிக்கு மாற்றச் சொல்லி மகளிடம் தானாகவே சொன்னார். மகளுக்குச் சந்தோசம். நான் சூப்பைச் சூடாக்கிச் சூடாக்கி வைத்துப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெயிலுக்கு ஜன்னல் பலகையை இழுத்து விட்டுப் படுக்க வைக்கிற நேரத்தில்தான் அவர் ஒருநாள் கேட்டார். "பிள்ளை, அம்மாவைச் சொல்லு."

சொன்னேன். கேட்டுவிட்டு நித்திரையானார். பின்னேரம் எழும்பி ஒரு கோப்பை சூப் முழுதாகக் குடித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் சொல்லுவது வழக்கமாகிவிட்டது. அகன்ற கன்னம், தடித்த புருவம் என்று எத்தனை நாளைக்குத்தான் ஒன்றையே சொல்வது? அவர் கேள்வி கேட்பார். பல் எப்படி? தெரிந்த மட்டும் முன்பல்லில் சின்ன இடைவெளி என்றேன். கழுத்து? வியர்வையில் மினுங்குது என்றேன். நெற்றியில் ஒரு தழும்பு, புருவத்துக்கு மேலே, நிலா மாதிரி. சொல்லச் சொல்ல எனக்கே நன்றாக வந்தது. நான் நல்ல கதைகாரி என்று எங்கட சனத்துக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெருமையும் உள்ளே இருந்தது. அவர் முகத்தில் வருகிற தெளிவைப் பார்க்க, இந்த ஊரில் நான் செய்த வேலைகளில் இதுதான் உருப்படியான வேலை என்றும் தோன்றும்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒருநாள். அன்றைக்கு அவர் காது எப்படி என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. காதில் தோடு இல்லை, துவாரம் தூர்ந்து போகாமலிருக்க ஒரு சின்னக் குச்சியை முறித்துச் செருகியிருக்கிறா என்றேன்.

"குச்சியோ?" என்றார்.

"ஓம், மரக்குச்சி. தோட்டை வித்தாப்பிறகு அப்பிடித்தானே செய்யிறது" என்றேன், என்னவோ சிசிலி முழுக்க அப்படித்தான் என்பது போல.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், என்னை ஓரத்தில் பிடிப்பதற்காக முகத்தை மறுபக்கம் திருப்பினார். "சுவரிலை அம்மாவின்ரை காது தெரியிறேல்லை. முக்காட்டுக்குள்ளை இருந்தது" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் குச்சி வேப்பம் ஈர்க்கு. கடைசி இடப்பெயர்வில் அம்மா தன் தோட்டைக் கழற்றி அரிசிக்குக் கொடுத்துவிட்டு, அதை முறித்துத் தன் இரண்டு காதிலும் செருகினா. நான்தான் முறித்துக் கொடுத்தேன். அந்தக் காதோடுதான் அவவைத் தாட்டோம். தழும்பும் அவவுடையது, சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பு. பல்லின் இடைவெளி எனக்கும் இருக்கிறது. எந்த நாளில் அந்தச் சுவர்ப் பெண்ணை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அது ஆர்?" என்று கேட்டார்.

"என்ரை அம்மா" என்றேன்.

கோபித்து ஏசியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "கண்ணை மூடினா இப்ப அவதான் வாறா. என்ரை அம்மாவைக் கூப்பிட்டுப் பாக்கிறன். வாறா இல்லை." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. கெட்டுப்போன ஒரு சாமானை என்னிடம் காட்டுகிறவர் போலத்தான் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குசினிக்குள் போய் நின்று நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எப்படியாவது அந்தப் பெண்ணைப் பிடித்து, மன்னியுங்கோ சிஞ்ஞோரா, இதுதான் உங்கட அம்மா என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று. நெற்றியில் வைத்த கை வந்தது, கோதுமைக்கட்டு வந்தது, முகத்துக்கு என் அம்மாதான் வந்தா. சரி, என் அம்மாவையாவது தனியே பார்ப்போம் என்று நினைத்தேன். அவ மஞ்சள் முக்காடு கட்டிக்கொண்டு நின்றா. கடற்கரையில், மணலில், என் மடியில் கிடக்கும்போதும் முக்காடு. கழற்றக் கழற்ற அது அவவின் தலையில் இருந்தது. அன்றைக்குத்தான், அம்மா செத்து இத்தனை வருடத்துக்குப் பிறகு, கழுவுதொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் பகிடி பண்ணவில்லை. "நல்லது எண்டுதானே செய்தனீர்" என்றார். ஓம், நல்லது என்றுதான் செய்தேன். அதுதான் என்னால் தாங்க முடியாத விசயம்.

அதற்குப் பிறகு சிஞ்ஞோரா ஒருநாளும் "சொல்லு" என்று கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பலகையை இழுத்து விடுவேன், போர்வையைச் சரிசெய்வேன், பக்கத்துக் கதிரையில் இருப்பேன். சந்தைச் சத்தம் கீழே கேட்கும். என் மேல் அவர் கோபம் வைத்திருக்கவில்லை என்பது கையைப் பிடிக்கிற விதத்தில் தெரியும். ஆனால் சூப் திரும்பவும் கோப்பையில் ஆறத் தொடங்கியது. வெயில் காலம் முடியுமுன்னே படுத்த படுக்கையானார்.

மகள் வந்து சேர்ந்த அடுத்த நாள், மத்தியானம், அவருக்கு மூச்சு இழுத்தது. மகள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். சிஞ்ஞோரா திடீரென்று கண்ணைத் திறந்து, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார். நேரே பார்த்தார், தலையைச் சரிக்கவில்லை. "மம்மா" என்று கையை நீட்டினார். அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு போர்வையில் விழுந்தது.

மகள் அழுதுகொண்டே, "பாத்தீங்களோ, அம்மம்மா வந்து கூட்டிக்கொண்டு போறா" என்றார். அந்த அம்மம்மாவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. நான் ஓம் என்றேன்.

இப்போது வேறொரு வீட்டில் வேலை செய்கிறேன். செத்தவரைப் பற்றி யாராவது கதைத்தால் பக்கத்தில் இருந்து கேட்பேன், ஒரு சொல் சேர்க்கமாட்டேன். அன்றைக்கு அந்தக் கால்மாட்டில் வந்தது சிஞ்ஞோராவின் அம்மாதான் என்று நம்பத்தான் நான் இன்னமும் கோயிலில் முழந்தாளிடுகிறேன். ஏனென்றால் வந்தது என் அம்மாவாக இருந்தால், பெற்ற பிள்ளை நான் கட்டிலின் இந்தப் பக்கம் நிற்க, அவ என்னைத் திரும்பியும் பாராமல் இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறா.